மாத்திரையின் கடிகாரமும் குழந்தையின் நாளும்

கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பரவலாகத் தரும் மெத்தில்பெனிடேட், நரம்பணுக்களுக்கு இடையே சுரக்கும் டோபமின், நார்எபினெப்ரின் ஆகிய செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் உடனடியாகத் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுத்து, அவை சற்றுக் கூடுதல் நேரம் வேலை செய்ய வழிவிடுகிறது. இம்மருந்து உடலில் தேங்குவதில்லை. அதன் அளவு ரத்தத்தில் 2 முதல் 3 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், சாதாரண மாத்திரையின் பலன் 4 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். காலை 7 மணிக்கு மாத்திரை போட்ட குழந்தைக்கு 11 மணி வகுப்பில் அதன் துணை ஏறக்குறைய இல்லை.

ரத்தத்தில் மருந்தின் அளவைச் சீராக வைத்திருந்தால் சிக்கல் தீரும் என்று தோன்றலாம். 1990களில் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்வான்சன் குழுவினர் ஆராய்ந்தபோது, அளவு மாறாமல் இருந்தால் பிற்பகலில் பலன் மங்குவதும், மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் பலன் நிலைப்பதும் தெரியவந்தது. ஒரே நாளுக்குள்ளேயே உடல் மருந்துக்குப் பழகிவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். எனக்கு இத்துறையில் மிகவும் வியப்பளிக்கும் கண்டுபிடிப்பு இதுதான்.

அந்த ஏறுமுகத்தை ஒரே மாத்திரைக்குள் அடைத்த வடிவத்துக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதன் மேற்பூச்சில் உள்ள 22 விழுக்காடு மருந்து முதலில் கரைகிறது. பின்னர் உள்ளே கசியும் நீரில் ஓர் அடுக்கு உப்பி, லேசரால் இட்ட நுண்துளை வழியே மீதியைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகிறது. ஏறத்தாழ 12 மணி நேரம் பலன் தரும் இம்மாத்திரையை, விழுங்கத் திணறும் குழந்தைக்காகப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் உடலில் சேர்ந்துவிடும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

பலன் இறங்கும் வேளையில் சில குழந்தைகள் முன்பைவிடச் சிடுசிடுப்பார்கள், காரணமின்றி அழுவார்கள். இதை அடம் என்று எண்ணித் தண்டிப்பது பெரும் அநியாயம். அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று சில நாள் குறித்துவைத்தால், வேளையையோ மருந்தின் வடிவத்தையோ மாற்றுவது பற்றி மருத்துவர் முடிவெடுக்க முடியும். மருந்து பசியை அடக்குவதால் காலை உணவை நிறைவாகக் கொடுத்துவிடுவது நல்லது. காலையில் மறந்துபோன 12 மணி நேர மாத்திரையை மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும். மறுநாள் இரட்டிப்பாகக் கொடுப்பதும் தவறு.

6 வயதுக்கு உட்பட்டவர்களின் உடலிலிருந்து மெத்தில்பெனிடேட் மெதுவாகவே வெளியேறுவதோடு, பக்கவிளைவுகளும் அவர்களிடம் கூடுதலாகத் தென்படுகின்றன. அதனால்தான் அந்த வயதில் குழந்தையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சியை முதலில் முயன்று, அது போதாதபோது மட்டுமே மிகக் குறைந்த அளவில் மருந்தைத் தொடங்குகிறார்கள்.