எனிக்மா: மர்மமா, புதிரா, முடிச்சா?

திரைக்கதை வகுப்புகளில் 'எனிக்மா கோட்' என்ற சொல் அடிக்கடி அடிபடும். பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை எழுப்பி, விடையைப் பின்னால் தரும் உத்தி அது. படத்தின் தொடக்கக் காட்சியைத் திட்டமிடும்போது "உன் எனிக்மா எங்கே?" என்று கேட்பார்கள். கேட்டவர் எதிர்பார்ப்பது ஒன்றாகவும் மாணவர் எடுத்துக்கொண்டு வருவது வேறொன்றாகவும் இருக்கும். இருட்டறை, முகம் தெரியாத ஆள், கதவு கிரீச்சிடும் சத்தம். 'மர்மம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டதன் விளைவு இது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஐனோஸ்' என்றால் கதை, குறிப்பாக உட்பொருள் பொதிந்த கதை. அதிலிருந்து மறைபொருளாகப் பேசுவதைக் குறிக்கும் வினை பிறந்தது. வினையிலிருந்து 'ஐனிக்மா', இலத்தீன் வழியாக எனிக்மா. ஆக, அடியில் இருப்பது ஒளித்துவைத்தல் அல்ல, ஒருவகைப் பேச்சு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய மறையெழுத்துக் கருவிக்கும் இதே பெயர் என்பதால், 'எனிக்மா கோட்' என்றதும் சங்கேதக் குறியை நினைப்பவர்கள் உண்டு. சங்கேதம் வெளியாளுக்குப் புரியவே கூடாது என்று எழுதப்படுவது. படத்தின் புதிரோ வெளியாளான பார்வையாளருக்காகவே போடப்படுவது.

கதையாடல் கோட்பாட்டுக்குள் இதைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த். 1970இல் வெளிவந்த 'எஸ்/இசட்' நூலில், பல்சாக் 1830இல் எழுதிய 'சராசீன்' என்ற குறுங்கதையை 561 துண்டுகளாக நறுக்கி, அவற்றில் ஐந்து குறிமுறைகள், அதாவது பொருள் தரும் இழைகள், ஓடுவதாகக் காட்டினார். கேள்வியை எழுப்பி, விடையைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அவிழ்க்கும் இழை அவற்றுள் ஒன்று. அவர் அதற்கு வைத்த பெயர் 'ஹெர்மனூட்டிக் கோட்', அதாவது பொருள்கோள் குறிமுறை. வகுப்பறை வழக்கில் அது எனிக்மா கோட் ஆயிற்று. பார்த் முதலில் கைவைப்பது கதையின் தலைப்பில்தான். சராசீன் என்பது என்ன, பெயரா, பொருளா, ஆணா, பெண்ணா? கதை தொடங்குமுன்பே முதல் கேள்வி விழுந்துவிடுகிறது. படத்தின் பெயரைத் திரையில் எந்த நொடியில் போடுவது என்று யோசிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். மர்மம் என்பது வடமொழி 'மர்மன்', உடலின் உயிர்நிலை. வர்மமும் அதே சொல்தான். உள்ளே மறைந்திருப்பது என்ற பொருள் அங்கிருந்து வந்தது. குற்றக்கதை வாசமும் இப்போது சேர்ந்துவிட்டது. காதல் படத்துக்கும் எனிக்மா உண்டு. அதை மர்மம் என்றால் பொருந்தாது. 'சஸ்பென்ஸ்' என்பதும் சரியில்லை. கதவைத் திறப்பானா என்பது சஸ்பென்ஸ், இனி நடக்கப்போவதைப் பற்றியது. கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்பது எனிக்மா, ஏற்கெனவே இருப்பதைப் பற்றியது. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால், திட்டமிடும்போதே குழப்பம் வருகிறது.

நம்மிடம் விடுகதையைக் குறிக்கும் பழைய சொல் ஒன்று உண்டு: பிசி. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை இருவகையாக்குகிறது. உவமையால் அமைவது ஒன்று. ஒன்றைச் சொல்ல, அதிலிருந்து இன்னொன்று துணியப்படுவது மற்றது. உரைகாரர் காட்டும் 'பிறை கவ்வி மலை நடக்கும்' முதல் வகை. விடை யானை. இதில் எதுவும் ஒளிக்கப்படவில்லை என்பதைப் பாருங்கள். வளைந்த வெண்மை, பேருருவம், நடை மூன்றும் கண்முன் இருக்கின்றன; சேர்த்துப் பார்ப்பது மட்டும் கேட்பவர் வேலை. தொடக்கக் காட்சிக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது. ஆனால் இன்று 'பிசி' என்றால் கணினி என்றோ வேலை மும்முரம் என்றோதான் காதில் விழும். ஆகவே பொதுச்சொல்லாகப் புதிர், கோட்பாட்டுச் சொல்லாகப் 'புதிர்க் குறிமுறை', படக்குழுவின் பேச்சில் முடிச்சு. முடிச்சைப் போடுகிறோம், அவிழ்க்கிறோம். விடுகதைக்கும் இதே வினைகள்தான். அரிஸ்டாட்டிலும் நாடகக் கதையைக் கட்டுதல், அவிழ்த்தல் என்றே பிரித்தார்.

புதிரின் படிகளாகப் பார்த் சொல்வனவற்றுள், தொடக்கக் காட்சியில் பெரும்பாலும் தவறவிடப்படுவது முதலாவது: கேள்வி எதைப் பற்றியது என்று காட்டுவது. பொருளே தெரியாதவரிடம் கேள்வி எழாது. ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் சதுரமாகத் தெரிகிறது. ஒரு பெண் அதன்மேல் காலண்டரை மாட்டுகிறாள். குளியலறையில் இரண்டு பல் துலக்கும் பிரஷ்கள், ஒன்றில் தூசி. கதவைத் தட்டியவரிடம், "அவர் வெளியூர் போயிருக்கார்" என்கிறாள். சதுரம் பொருளைக் காட்டிவிட்டது, காலண்டர் கேள்வியை எழுப்பிவிட்டது. தூசி படிந்த பிரஷ் அரைவிடை. அவள் சொன்னது பொய்யானால் அது பார்ப்பவரைத் திசைதிருப்பும் பொறி. உண்மையாகவும் வேறுபொருளிலும் எடுக்க முடிந்தால் இரட்டுற மொழிதல். பாத்திரம் பொய் சொல்லலாம். கேமரா சொல்லக் கூடாது; சொன்னால் விடை வரும் நேரத்தில் பார்ப்பவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

தாளில் திட்டமிடும்போது முதலில் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பிறகு கேள்வியை. விடை தெரியாமல் போட்ட முடிச்சு இரண்டாம் பாதியில் வெட்டித்தான் எறியப்படும். இரண்டு நிமிடத் தொடக்கத்தில், ஷாட் ஒன்றுக்குச் சராசரி 5 நொடி என்றால், 24 ஷாட்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பத்திகள்: இப்போது பார்ப்பவருக்கு என்ன தெரியும், என்ன கேட்பார், எந்தக் காட்சியில் விடை. மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் அந்த ஷாட் புதிர் அல்ல, வெறும் தெளிவின்மை. ஒரு பெரிய கேள்வி, ஒன்றிரண்டு சிறியவை போதும். சிறியவற்றில் ஒன்றுக்காவது அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே விடை கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் பெரியதற்கும் விடை வரும் என்று நம்பி உட்காருவார்கள்.

கெடுவது பெரும்பாலும் சிறு விஷயங்களில். சதுரம் தெரியும் ஷாட்டின்மேலேயே நடிகர் பெயரைப் போட்டால் கண் எழுத்துக்குப் போய்விடும். துப்புக்கு ஒரு நொடிதான் கொடுத்தால் பின்னணிப் பொருளாகக் கரையும். மூன்று நொடியாவது நிறுத்தி, பின்னர் யாராவது அதைத் தொடும்படியும் செய்ய வேண்டும். நிறத்திருத்தத்தில் சுவர் முழுவதும் ஒரே சாயலாகிவிட்டால் கைபேசித் திரையில் சதுரமே இருக்காது. பயமுறுத்தும் பின்னணி இசை சேர்த்தால் பார்ப்பவர் உடனே கொலையைத் தேட ஆரம்பிப்பார், இழந்தவரைத் தேடமாட்டார்.

கதை ஒரு சமநிலையில் தொடங்கி, குலைந்து, மீண்டும் சமநிலைக்கு வரும் என்று சொன்ன கோட்பாட்டாளர் டோடரோவின் சமநிலை, குலைவு, மீட்பு வரிசையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் பிடிபடும். குலைவு நடந்து முடிந்த பிறகு படத்தைத் தொடங்கினால், காட்டப்படாத பழைய சமநிலையே புதிராகிவிடும். மேலே சொன்ன வீடு அப்படிப்பட்டது.

வெட்டி முடித்த பிறகு, கதை தெரியாத ஒருவரிடம் விளக்கம் எதுவும் தராமல் போட்டுக் காட்டி, "இப்போது என்ன தெரிந்துகொள்ளணும்?" என்று மட்டும் கேளுங்கள். "என்னதான் நடக்குது?" என்றால் முடிச்சு இன்னும் விழவில்லை. "அந்தப் படத்தில் இருந்தது யார்?" என்றால் விழுந்துவிட்டது.