கடலுக்கு ஒரு கதவு, காற்றுக்கு ஒரு கதவு

ஜூன் பாதி கடந்தால் மாட்டுங்காவிலும் தாராவியிலும் பழைய வீடுகளின் கதவுகள் அடம்பிடிக்கத் தொடங்கிவிடும். மார்ச்சில் விரல் பட்டதும் மூடிக்கொண்ட கதவுக்கு ஜூலையில் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிட்டால் அப்போதைக்குச் சரியாகும். ஜனவரியில் அதே ஓரத்தில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடுக்கு விழும். வீட்டில் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதக்கும் பாய்மரப் படகு ஒன்றில் இதே கோளாறு வந்தால் நிலைமை வேறு.

அந்தப் படகுகளின் பின்பகுதியில், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளமான இடம் காக்பிட். அங்கிருந்து கேபினுக்குள் இறங்கும் வாசலைக் கம்பானியன்வே என்பார்கள். நடுத்தரமான படகில் அது ஏறக்குறைய 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் இருக்கும். மேலே முன்னும் பின்னும் நகரும் மூடி, உள்ளே செங்குத்தான படிகள். படகின் உடம்பில் இதைவிடப் பெரிய திறப்பு கிடையாது. கடல் உள்ளே வர நினைத்தால் முதலில் தட்டுவது இந்த வாசலைத்தான்.

இந்த வாசலை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரு பக்கமும் உள்ள காடியில், அதாவது நீளமாக வெட்டிய பள்ளத்தில், மேலிருந்து இறக்கும் செருகு பலகைகள். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பலகைகள் போட்டால் வாசல் அடைந்துவிடும். மற்றொன்று, கீலில் திரும்பும் இரட்டைக் கதவு. ஒவ்வொரு முறை தேநீர் கொண்டுவர இறங்கும்போதும் பலகைகளைக் கழற்றி, வைக்க இடம் தேடி, திரும்பச் செருகிச் சலித்துப்போனவர்கள்தான் கதவு வேண்டும் என்பார்கள். அந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் படகுக் கதவிடம் நாம் மூன்று வேலைகள் கேட்கிறோம்: தண்ணீர் வரக்கூடாது, காற்று வரவேண்டும், ஆபத்தென்றால் ஆள் உடனே வெளியேற வேண்டும். மூன்றையும் ஒரே கதவால் முழுமையாகச் செய்ய முடியாது என்பது என் கட்சி. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் புரண்டு வரும் அலை கதவில் மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்நீர் ஒரு கன மீட்டருக்கு 1,025 கிலோ. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கிப் பாதியாக்கினால் அழுத்தம் கிடைக்கும்: சதுர மீட்டருக்குச் சுமார் 1,300 கிலோ எடைக்குச் சமம். நம் வாசலின் பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். ஆக, கதவின் மேல் விழுவது கிட்டத்தட்ட 700 கிலோ. ஒரு பழைய மாருதி 800 காரைத் தூக்கிக் கதவின்மேல் வைத்ததுபோல. காக்பிட் நிரம்பி அரை மீட்டர் தண்ணீர் அசையாமல் நின்றாலே போதும், கதவின் கீழ்ப்பாதியில் 75 கிலோவுக்கு மேல் அழுத்தும்.

இந்தச் சுமையைப் பலகை எப்படித் தாங்குகிறது என்பதில்தான் கதவுக்கும் செருகு பலகைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. செருகு பலகையின் இரு முனைகளும் காடிக்குள் இருக்கின்றன. சுமை இரு பக்கமும் நேராகப் படகின் சுவருக்குப் போய்விடுகிறது. இரட்டைக் கதவில் அப்படியில்லை. ஒவ்வொரு கதவுக்கும் கீல் பக்கம் ஆதரவு உண்டு, மேலும் கீழும் நிலை (வாசல் சட்டம்) உண்டு. இரண்டும் சந்திக்கும் நடு ஓரத்துக்கோ தாழ்ப்பாள் தவிர வேறு துணை இல்லை. 90 செ.மீ. உயரமுள்ள அந்த நடுச்சட்டம்தான் அலையடிக்கு முதலில் வளையும், முதலில் உடையும். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அலை அதை நிலையோடு சேர்த்து அழுத்தும், ஓரளவு நல்லது. உட்பக்கம் திறக்கும் கதவை அலை உதைத்தால் முழுச் சுமையும் தாழ்ப்பாளின் மேல்.

பலகையின் கனமும், அதாவது தடிமனும், முக்கியம். பலகையின் கனத்தைப் பாதியாக்கினால் அதன் தாங்குதிறன் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். 18 மி.மீ. பிளைவுட் செருகு பலகை மேலே சொன்ன அலையை அலட்சியமாகத் தாங்கும். 9 மி.மீ. பலகை அதே அலையில் முறியும் எல்லைக்கு வந்துவிடும். பழைய படகுகளில் அழகுக்காகப் போட்ட மெல்லிய சாய்சட்டக் (லூவர்) கதவுகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

செருகு பலகைக்கும் ஒரு சாபக்கேடு உண்டு. எளிதாகக் கழற்றுவதற்காகப் பல படகுகளில் வாசலை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வைத்தார்கள். பலகையைச் சற்றுத் தூக்கினாலே காடியிலிருந்து விடுபட்டுவிடும். படகு கவிழ்ந்து தலைகீழானால் அதே வசதி எமனாகும். தாழிடாத பலகைகள் தாமாகவே நழுவி விழுந்துவிடும். 1979 ஆகஸ்டில் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புறப்பட்ட 303 படகுகளைப் புயல் பிடித்தது. பந்தயத்தில் கலந்துகொண்ட 15 பேர் இறந்தார்கள், 24 படகுகள் கைவிடப்பட்டன. பிறகு நடந்த விசாரணை சுட்டிக்காட்டிய குறைகளில் இந்த வாசல் பலகைகளும் உண்டு. இன்று ஆழ்கடல் பந்தய விதிகள், மேல்மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பலகை இடம்பெயராமல் பூட்டும் ஏற்பாட்டையும், கழற்றினாலும் கடலில் போகாதபடி கயிற்றால் படகோடு கட்டியிருப்பதையும் கேட்கின்றன.

செம்பூரில் இருக்கும் நண்பர் பங்கு வைத்திருக்கும் ஃபைபர் கிளாஸ் படகு எழுபதுகளில் கட்டப்பட்டது. மழைக்காலத்துக்குக் கரையேற்றியபோது அதன் வாசலைப் பிரித்துப் புதிதாகச் செய்யலாம் என்று முடிவானது. வேலையை ஏற்றவர் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி ஆசாரி. படகுக்கு அவர் புதியவர், தேக்குக்குப் பழையவர். எடுத்த முடிவு எளிமையானது: துறைமுகத்தில் நிற்கும்போதும் மாலை நேரச் சிறு ஓட்டங்களுக்கும் காற்றுவிடும் தேக்குக் கதவு, கடலுக்குப் போகும்போது கதவைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றிவிட்டு, கனமான செருகு பலகைகள். இரண்டுக்கும் ஒரே நிலை. கழற்றிய கதவுகளை வைக்கப் படுக்கைக்கு அடியில் ஒரு அறை.

தேக்கு என்றால் பம்பாய்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்குள்ள கப்பல்கட்டும் துறையில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய டிரிங்கோமலி போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் தேக்கு வீங்காது என்று நம்பினால் ஏமாந்துபோவோம். மற்ற மரங்களைவிடக் குறைவாக வீங்கும், அவ்வளவுதான்.

மரத்தின் நார்ச்சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வெளியிடும். மும்பையின் ஜூலைக் காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது மரத்துக்குள் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 18 சதவீதம் நீர் தங்கும். வறண்ட மாதங்களில் அது 12 சதவீதத்துக்கு இறங்கும். ஈரம் ஒரு சதவீதம் கூடினால் சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை அகலவாக்கில் சுமார் 0.2 சதவீதம் விரியும். நீளவாக்கில் விரிவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. ஆகவே 30 செ.மீ. அகலமுள்ள ஒற்றைப் பலகையில் கதவு செய்தால் பருவத்துக்குப் பருவம் மூன்றரை மி.மீ. வரை ஆடும். இரண்டு கதவுகள் சேர்ந்தால் ஏழு. எந்தத் தாழ்ப்பாளும் இதற்குப் பதில் சொல்லாது.

நம் ஊர்க் கதவுகளில் காலங்காலமாக இருக்கும் சட்டமும் பலகையும் என்ற அமைப்பு இதற்கான விடைதான். சுற்றிலும் நாலு சட்டங்கள், அவற்றின் உள்ளோரத்தில் காடி, காடிக்குள் பசை போடாமல் நிற்கும் நடுப்பலகை. குறுக்குச் சட்டம் நீளவாக்கில் இருப்பதால் அது விரிவதில்லை. கதவின் அகலத்தை மாற்றுவது 6 செ.மீ. அகலமுள்ள இரண்டு நெடுஞ்சட்டங்கள் மட்டுமே. அவற்றின் ஆட்டம் ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கிவிடும். நடுப்பலகை இரண்டு மி.மீ. வீங்கினாலும் காடிக்குள்ளேயே வீங்கி அடங்கும். வெளியே யாருக்கும் தெரியாது.

ஆனால் காடிக்குள் எவ்வளவு இடம் விடுவது? நண்பர் தன் பங்குக்கு இன்டர்நெட்டில் படித்து, பக்கத்துக்கு 3 மி.மீ. என்று எழுதி வந்திருந்தார். ஆசாரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்த மாசத்துக் கணக்கு?” என்றார். சரியான கேள்வி. ஜூலையில் மரம் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கிறது. இனி அது சுருங்கத்தான் போகிறது. அப்போது 3 மி.மீ. விட்டால் ஜனவரியில் பலகை காடிக்குள் கடகடவென்று ஆடும். ஜனவரியில் செய்தால் வீங்குவதற்கு இடம் அவசியம். அவர் ஒரு மி.மீ.தான் விட்டார். பலகையின் மேல் கீழ் ஓரங்களின் நடுவில் மட்டும் ஒரு சிறு மரஆணி அடித்து, பலகை இரு பக்கமும் சமமாக விரியும்படி செய்தார்.

தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருப்பதால் எப்பாக்ஸி பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுமிடத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். தேக்கிலுள்ள மணல்சத்து உளியின் முனையையும் சீக்கிரம் மழுங்கடிக்கும். பட்டறையில் பாதி நேரம் தீட்டுக்கல்லில்தான் போனது.

மரம் அடங்கியது. அடுத்து தண்ணீர். கதவு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நீரின் பரப்பு இழுவிசை இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. நன்றாக நனையும் இரு பரப்புகளுக்கு நடுவே அரை மி.மீ. இடுக்கு இருந்தால் தண்ணீர் தானாகவே 3 செ.மீ. உயரம் ஏறும். இடுக்கு 0.1 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 15 செ.மீ. இரண்டு செருகு பலகைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு செ.மீ. உயரப் படி வெட்டிவிட்டு, மழை எப்படி உள்ளே வந்தது என்று திகைப்பவர்கள் உண்டு. மழை வரவில்லை, இடுக்கே அதை மேலே இழுத்துக்கொண்டது.

இடுக்கை இன்னும் இறுக்குவதில் பயனில்லை, ஓரிடத்தில் திடீரென்று அகலமாக்க வேண்டும். படியின் நடுவே 5 மி.மீ. அகலத்தில் ஒரு சிறு காடி ஓடினால் தண்ணீரால் அதைத் தாண்ட முடியாது. அந்த அகலத்தில் அதன் இழுவை 3 மி.மீ.க்கு மேல் எடுபடாது. காடியிலேயே தங்கி, ஓரமாக வழிந்து வெளியேறிவிடும். இதே காரணத்துக்காகத்தான் கட்டடங்களில் சன்ஷேடின் அடிப்பக்கம் ஒரு கோடு விடுகிறார்கள். புதுப் பலகைகளின் சந்திப்பை வெளிப்பக்கம் சரியும்படி சாய்த்து வெட்டி, மேல்பலகையின் உதட்டுக்கு அடியில் இந்தக் காடியையும் ஓடவிட்டோம். நிலையைச் சுற்றி மென்மையான ரப்பர் பட்டை. அது சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க ஆசாரியின் முறை: பழைய தமிழ் நாளிதழிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ரப்பருக்கும் பலகைக்கும் நடுவே வைத்து மூடி, மெல்ல இழுப்பது. நிலையைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இழுத்துக்கொண்டே போனார். இடது கீழ் மூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. பார்த்தால் நிலையே அங்கே உள்வாங்கியிருந்தது.

காரணம் நிலையில் இல்லை, அதன் பின்னால் இருந்தது. ஃபைபர் கிளாஸ் சுவர் என்று நாம் நினைப்பது பல பழைய படகுகளில் இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்களும் நடுவே பிளைவுட்டும்தான். நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் திருகாணித் துளைகள் வழியே கசிந்த நீர் அந்த நடு மரத்தை ஊறவைத்து மண்ணாக்கியிருந்தது. பழைய பித்தளைத் திருகாணிகளைக் கழற்றினால் பாதி தலையோடு முறிந்தன. முறிந்த இடம் மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருந்தது. உப்புநீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. அழுகியதைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு துளையையும் ஆணியைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே புதுத் துளை போட்டார்கள். இனி ஆணி வழியே நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. புது ஆணிகள் 316 ரக எவர்சில்வர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 304 ரகத்தில் மாலிப்டினம் இல்லை. உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பு வழிய விடும்.

செருகு பலகைக்கு ரே ரோடு மரக்கடைகளில் 18 மி.மீ. பிளைவுட் வாங்கினோம். ‘மரைன்’ என்று பட்டை ஒட்டியதெல்லாம் கடலுக்கு ஆகாது. இந்தியத் தரக்குறியான ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும்; அந்தத் தரத்துக்கு மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பசை விடக்கூடாது. முத்திரையோடு நிற்காமல் ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்பு ஓட்டைகள் தெரிந்தால் உள்ளேயும் இருக்கும். வாங்கிய பலகையின் வெட்டிய ஓரங்களுக்கு மூன்று கை எப்பாக்ஸி பூசினோம்; முகப்பைவிட ஓரம்தான் நீர் குடிக்கும்.

காற்றுக் கதவின் நடுப்பலகைக்குப் பதில் மேல்பாதியில் சாய்சட்டங்களும் உட்பக்கம் கொசுவலையும். கீழ்ப்பாதி மூடிய பலகை. வாசலின் அடியிலோ கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழற்றாமல் நிற்கும் ஒரு தாழ்வான செருகு பலகை. கதவைப் பாதி உயரம் மட்டும் திறக்க முடியாது, திறந்தால் முழுவதும் திறந்த கணக்கு. அடிப்பலகை நின்றால் காக்பிட்டில் தண்ணீர் தேங்கியபோதும் அதைத் தாண்டி ஏறி இறங்கலாம். மூன்று வேலைகளில் மூன்றாவதை இந்த ஒரு பலகைதான் சுலபமாக்குகிறது.

தாழ்ப்பாள் விஷயத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. துறைமுகத்தில் திருட்டுப் பயம், ஆகவே வெளியே பூட்டு வேண்டும் என்றார் நண்பர். பூட்டலாம், ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. கடைசியில் பலகைக்கு இரு பக்கமும் நீளும் ஊடுதண்டுடன் ஒரு தாழ் செய்யப்பட்டது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திரும்பும். பூட்டு தனியாக, கரைக்குப் போகும்போது மட்டும். பலகைகளின் உள்ளோரத்தில் ஆசாரி அரத்தால் வெட்டு போட்டார்: அடிப்பலகைக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, மேலுக்கு மூன்று. இருட்டில், படகு ஆடும்போது, எது எங்கே போகும் என்று விரலாலேயே தெரிந்துவிடும்.