அம்மாவின் ரத்தம் லண்டனுக்கு எதற்கு?

போன மார்கழியில் வந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஏரிக்கரையில் புதர் வெட்டியிருக்கிறார். எட்டு நாள் காய்ச்சலோடு ஷேர் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது, பிளேட்லெட் வெகுவாக இறங்கியிருந்தது. மகன் கையில் டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனையான விடால் ரிப்போர்ட் ஒன்று. "டைபாய்டுன்னு சொல்லி ஆறு நாளா ஊசி போட்டாங்க மேடம். காய்ச்சல் எறங்கவே இல்ல."

எங்கள் நர்ஸ் பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தார். இடுப்பில், நாடா அழுத்தும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பு பட்ட இடம் மாதிரி இருக்கும், ஆனால் வலிக்காது, அரிக்காது. அதனால்தான் அந்த அம்மாவுக்கே அது தெரியவில்லை. ஆறு நாளாக ஊசி போட்டவரும் அங்கே பார்க்கவில்லை.

உண்ணிக்காய்ச்சல். ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ். அந்தப் பொருக்கு, புதரில் இருக்கும் பூச்சிக் குஞ்சு கடித்த தடம். மருந்தை உடனே எடுத்து வைத்தோம். ஏற்றுவதற்கு முன், நடந்துகொண்டிருந்த ஒரு பன்னாட்டு ஆய்வுக்காக ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று மகனிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்கம்மா ரத்தம் லண்டனுக்கு எதுக்கு மேடம்? வெள்ளைக்காரன் நம்மள வெச்சு மருந்து டெஸ்ட் பண்றான்னு வாட்ஸ்அப்ல ஆடியோ வந்துச்சு" என்றார்.

மறுப்பது அவர் உரிமை. மறுத்ததால் அந்த அம்மாவின் சிகிச்சையில் ஒரு துளியும் குறையவில்லை, குறையவும் கூடாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அதே ஆடியோவைச் சொல்லி மறுத்த நான்காவது குடும்பம் அது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நோயை உறுதிசெய்ய எடுத்த எலிசா என்ற ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவுக்கு 'பாசிட்டிவ்' என்று வந்ததே, அது எப்படி வந்தது? இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. கார்ப், கில்லியம், கேட்டோ என்ற மூன்று வகைகளை நாங்கள் படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்வோம். அவை ஆராய்ச்சியாளர்களின் பெயர்கள் அல்ல, நோயாளிகளின் பெயர்கள். ஒருவர் 1943இல், இரண்டாம் உலகப்போரின்போது, நியூகினியில் காய்ச்சலில் விழுந்தவர். இன்னொருவருக்கு அதே வருஷம் அசாம்–பர்மா எல்லையில் வந்தது. மூன்றாமவர் ஜப்பானியர். அவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கிருமிகள் ஆய்வகத்திலிருந்து ஆய்வகத்துக்கு, நாட்டிலிருந்து நாட்டுக்குப் போயின. இன்றைக்கு நாங்கள் பயன்படுத்தும் எலிசா கிட்டுக்குள் இருப்பது அந்த வகைகளின் புரதங்களைப் பார்த்துச் செய்த புரதங்கள்தான். முன்பின் தெரியாத மூன்று பேரின் ரத்தம் இல்லாவிட்டால் அந்த அம்மாவின் ரிப்போர்ட் இல்லை.

மருந்தும் அப்படித்தான். 1948இல் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு குளோராம்ஃபெனிகால் என்ற புது மருந்தோடு மலாயாவுக்கு வந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து உண்ணிக்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்தது. நன்றாகவே கேட்டது. அந்தச் சமயத்தில் உண்ணிக்காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். டைபாய்டுக்கு முதன்முதலாக ஒரு மருந்து கிடைத்தது அப்படித்தான். அன்றைக்கு உண்ணிக்காய்ச்சல் என்று நினைத்து டைபாய்டைக் குணப்படுத்தினார்கள். இன்றைக்கு நம் ஊரில் டைபாய்டு என்று நினைத்து உண்ணிக்காய்ச்சலை முற்றவிடுகிறோம். இன்னொன்று. இந்த நோயை மற்ற டைபஸ்களிலிருந்து பிரித்துப் பார்க்கும் வேலை மலாயாவில் நடந்த காலத்தில், அங்கே தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். எங்கோ நடந்த அந்நியர் கதை அல்ல இது.

சரி, லண்டனுக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி.யும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2020இலிருந்து 2022 வரை தொடர்ந்து கவனித்தார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2025இல் முடிவு வெளியானது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்கிற கிராமத்து ஜனங்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது உண்ணிக்காய்ச்சல் என்று அதில் தெரிந்தது. எங்களைப் போன்றவர்கள் வார்டில் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தோம். வெறும் வாய்ப்பேச்சுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு கிடைத்தது ரத்தம் கொடுக்க முன்வந்த கிராமத்து மனிதர்களால்.

"மருந்து டெஸ்ட் பண்றாங்க" என்பதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. வேலூரில் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தந்த நிதியில் ஒன்று நடந்தது. இந்தியாவின் ஏழு ஆஸ்பத்திரிகளில் கடுமையான உண்ணிக்காய்ச்சலோடு வந்த சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். யாருக்கும் மருந்தில்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஏற்றவில்லை. ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், ஒரு பிரிவுக்கு இரண்டும். எல்லாமே பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மருந்துகள். 2023இல் முடிவு வந்தது. மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஒற்றை மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம். இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதம். அந்த அம்மாவுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேனே, அந்தத் தைரியம் எனக்கு அந்த 800 பேர் தந்தது. அவர்களும் யாரோ ஒருவரின் அம்மா, அப்பாதான்.

பயமே நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏழை நாடுகளிலிருந்து மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய், கட்டுரையில் உள்ளூர் டாக்டர் பெயரைக்கூடப் போடாமல் விட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ்களை இனி பகிரமாட்டோம் என்று நிறுத்திவைத்தது. எங்கள் வைரஸை வைத்துத் தடுப்பூசி செய்து எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்பீர்களா என்று கேட்டது. நியாயமான கேள்வி. அந்தச் சண்டையின் விளைவாகத்தான் 2011இல் உலக சுகாதார நிறுவனத்தில், ஃப்ளூ வைரஸ்களைப் பகிர்ந்தால் பலனையும் பகிர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 2025 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் இழுபறி இதில்தான். கிருமியைக் கொடுக்கிற நாட்டுக்கு என்ன கிடைக்கும்? இப்படிக் கேள்வி கேளுங்கள், வரவேற்கிறேன். கதவைச் சாத்திவிடாதீர்கள்.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை நிபா வைரஸை வைத்து யோசித்துப் பாருங்கள். மலேசியாவில் 1998–99இல் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அரசு கொசுமருந்து அடித்தது, தடுப்பூசி போட்டது. சாவு நிற்கவில்லை. மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் என்ற இளம் வைரஸ் நிபுணர் தான் பிரித்தெடுத்த வைரஸை அமெரிக்காவுக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். இது இதுவரை யாரும் பார்க்காத வைரஸ் என்பது அங்கேதான் உறுதியானது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர் அதை எடுத்துப் போகாமல் மலேசியாவிலேயே வைத்திருந்தால் இன்னும் எத்தனை நாள் கொசுவையே விரட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்?

நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் எந்த ஆய்வும் தொடங்க முடியாது. வெளிநாட்டோடு சேர்ந்து செய்தால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக ஒன்றிய அரசின் பரிசீலனையும் உண்டு. மருந்து ஆய்வுகளை 2009இலிருந்து சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மருந்து ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்பதும் விதி. ஆகவே உங்களிடம் ஒப்புதல் கேட்டால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: படிவம் தமிழில் இருக்கிறதா? பதிவு எண் என்ன? ரத்தம் எங்கே வைக்கப்படும், எத்தனை வருஷம்? நடுவில் விலகலாமா? படிவத்தின் நகல் ஒன்று எனக்குத் தருவீர்களா? பதில் சொல்ல முடியாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் சக டாக்டர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து பக்கப் படிவத்தை ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டிருக்கிறவர் கையில் திணித்து, "இங்க ஒரு சைன் போடுங்க" என்றால் வதந்தி பரவாமல் என்ன செய்யும்? உட்காரவைத்துப் பேச ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை அன்றைக்கு நானும் அந்த மகனுக்குச் சரியாகத் தரவில்லை. அப்புறம், ஒற்றை விடால் ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி இந்தக் கிருமியைத் தொடக்கூடச் செய்யாது. காய்ச்சல் நோயாளியின் உடையைத் தளர்த்திப் பாருங்கள்.

பொதுமக்களுக்கு: நாய் மேல் இருக்கும் உண்ணி இந்தக் காய்ச்சலைக் கொண்டுவராது. பெயரைக் கேட்டுவிட்டு நாயைத் துரத்தாதீர்கள். கடிப்பது புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. புதர் வேலைக்கு முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடை. புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து உடை மாற்றுங்கள். மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில் காய்ச்சல் வந்தால் கக்கம், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று வீட்டிலேயே பாருங்கள். கறுப்புப் பொருக்கு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வெட்கப்படாமல் காட்டுங்கள். பொருக்கு இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருந்துக்கடையில் நிற்காதீர்கள்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். ஆறாம் நாள் வார்டில், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து ஏறுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டிய ரத்தம் போனது போனதுதான், ஆனால் குணமானபின் எடுக்கும் ரத்தத்துக்கும் பயன் உண்டு என்றேன். அவர் மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அதுல எம் பேரு எழுதுவாங்களாம்மா?"

"இல்லம்மா. நம்பர் மட்டும்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ட்ரிப்ஸ் ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்திருந்த இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டினார். மகன் படிவத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கினார்.