போஸ்ட் பேசிக் நர்சிங்குக்கு அப்ளை பண்றீங்களா? முதல்ல உங்க ஒரிஜினல் எங்க இருக்குன்னு பாருங்க

போன வருஷம் ஒரு நாள் காலைல எட்டரை மணி இருக்கும், நைட் டூட்டி முடிச்சு ஹேண்டோவர் குடுத்துட்டு நேரா கிளம்பி ஒரு பொண்ணு அஸ்தம்பட்டில எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல். என்கிட்ட டிப்ளமோ நர்சிங் படிச்ச பொண்ணுதான், ஏற்காட்டுக்கும் மேல ஒரு மலை கிராமம், இங்க சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.ல ரெண்டு வருஷமா வேலை. "மேடம், போஸ்ட் பேசிக்குக்கு நாளைக்கு கடைசி நாளுங்க, எல்லாம் இருக்குதான்னு ஒருக்கா பாத்து சொல்லுங்க"ன்னா. போஸ்ட் பேசிக்னா டிப்ளமோ நர்ஸுங்க டிகிரி வாங்கறதுக்கான கோர்ஸ்.

ஒவ்வொன்னா எடுத்து டேபிள்ல அடுக்குனேன். பத்தாவது, பிளஸ் டூ, டிப்ளமோ மார்க் ஷீட், தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன். எல்லாமே ஜெராக்ஸ். ஒரிஜினல் எங்க கண்ணுன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே "ஹெச்.ஆர்.ல இருக்குதுங்க மேடம், வேலைக்கு சேரும்போதே வாங்கி வச்சுக்கிட்டாங்க"ன்னு சொன்னா.

எனக்கு வயித்தைப் பெசஞ்சுது. ஏன்னா நானும் இதே மாதிரிதான் ஒரு வருஷத்தை விட்டேன். டிப்ளமோ முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த எடத்துல பாண்டு எழுதி வாங்கி ஒரிஜினலை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க, ரேங்க் லிஸ்ட்ல பேரு வந்தும் வெரிஃபிகேஷனுக்கு காட்ட கையில ஒன்னும் இல்லாம சீட்டு போச்சு. மறு வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னுட்டேன். மூணாவது தடவைதான் கிடைச்சுது. அப்புறம் எம்.எஸ்சி. முடிச்சு இப்ப டியூட்டரா இருக்கேன், வருஷா வருஷம் அப்ளிகேஷன் சீசன் வந்தா பழைய ஸ்டூடண்ட்ஸ் ஃபைலைத் தூக்கிட்டு வருவாங்க. நான் பாத்த வரைக்கும் மார்க் பத்தாம சீட்டு போனவங்க ஒரு பக்கம்னா, பேப்பர் கையில இல்லாம போனவங்க அதுக்குக் கொறையாம இருக்காங்க. அதைத்தான் இங்க எழுதணும்னு நெனைச்சேன்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், அதுக்கு பிளஸ் டூல பயாலஜி இருக்கணும். ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம், அதுக்கு ஆர்ட்ஸ், காமர்ஸ் குரூப் படிச்சவங்களையும் இந்தியன் நர்சிங் கவுன்சில் அனுமதிக்குது. அந்த டிப்ளமோ முடிச்சு மாநில நர்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணவங்க 2 வருஷத்துல டிகிரி வாங்கறதுதான் போஸ்ட் பேசிக். பயாலஜி குரூப் கிடைக்காத ஏழைப் புள்ளைங்களுக்கு நர்சிங் டிகிரிக்குப் போக இருக்கற ஒரே வழி இதுதான்னு சொல்லலாம், அதனாலதான் இத்தனை கூட்டம். எம்.ஆர்.பி.ங்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா அரசு ஸ்டாஃப் நர்ஸ் போஸ்டுக்கு டிப்ளமோவே போதும், ஆனா எம்.எஸ்சி. படிக்கணும், டியூட்டர் ஆகணும்னா டிகிரி வேணும். போஸ்ட் பேசிக் நடத்தற அரசு காலேஜ்களே கொஞ்சம்தான், அதோட தனியார் காலேஜ்கள் அரசுக்கு விட்டுக் குடுக்கற சீட்டும் சேத்து கீழ்ப்பாக்கத்துல இருக்கற செலக்‌ஷன் கமிட்டி ரேங்க் லிஸ்ட் போட்டு கவுன்சிலிங் நடத்துது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருது. "நான் பி.எஸ்சி. ஜுவாலஜி முடிச்சிருக்கேன், அமெரிக்காவுல என் சொந்தக்காரங்க ஒருத்தங்க வேற டிகிரி வச்சுக்கிட்டு ஒன்றரை வருஷத்துல நர்சிங் டிகிரி முடிச்சாங்களே, இங்க அப்படி இருக்கா?"ன்னு. அங்க இருக்கு, 12லேர்ந்து 18 மாசம், அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முன்னாடியே படிச்சு முடிச்சிருந்தாதான் உள்ளயே விடுவாங்க, அங்கயும் போட்டி பயங்கரம். நம்ம ஊருல அந்த வழி கிடையாது. எந்த டிகிரி வச்சிருந்தாலும் நர்சிங்னா முதல் வருஷத்துலேர்ந்துதான். இந்த எடத்துலதான் சிலர் மாட்டிக்கறாங்க, புதிய பஸ் ஸ்டாண்டு சுவத்துல "ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம்"னு நோட்டீஸ் பாத்துட்டு காசைக் கட்டிடறாங்க. அந்த கோர்ஸ் படிச்சா தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில்ல நர்ஸா பதிவு பண்ணவே முடியாது, பதிவு இல்லாதவங்க நர்ஸ் கிடையாது, போஸ்ட் பேசிக்குக்கும் அப்ளை பண்ண முடியாது. பணம் கட்டறதுக்கு முன்னாடி காலேஜ் பேரு கவுன்சில் லிஸ்ட்ல இருக்கான்னு நீங்களே பாருங்க, புரோக்கர் காட்டற ஜெராக்ஸை நம்பாதீங்க.

இப்ப பேப்பர் விஷயம். பேருல வர்ற குழப்பம்தான் பெருசு. எஸ்.எஸ்.எல்.சி.ல இனிஷியல் ஒரு மாதிரி, கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன்ல வேற மாதிரி, ஆதார்ல அப்பா பேரு முழுசா, கல்யாணம் ஆனவங்கன்னா புருஷன் பேரு. இது எல்லாத்தையும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற மாதிரியே மாத்தி வைங்க, அதுக்கு மாசக்கணக்குல ஆகும், நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் ஆரம்பிச்சா நடக்காது. ரிஜிஸ்ட்ரேஷன் ரினிவல் தேதி தாண்டியிருக்கான்னு பாருங்க. நான் படிச்ச காலத்துல சின்ன திருத்தம்னா கூட ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி மயிலாப்பூர் சாந்தோம்ல இருக்கற கவுன்சில் ஆபீசுக்குப் போய் நின்னு, மறுபடி ராத்திரி ரயிலேறி வந்து காலைல டூட்டி பாப்போம்.

மலைப் புள்ளைங்களுக்கு இன்னொரு பாடு இருக்கு. சேர்வராயன் மலை மலையாளி சமூகம் (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையில வாழற பழங்குடி) எஸ்.டி. லிஸ்ட்ல இருக்கு, ஆனா மத்தவங்களுக்கு தாசில்தார் ஆபீஸ்லயே சாதிச் சான்றிதழ் முடிஞ்சிடும், எஸ்.டி.க்கு ஆர்.டி.ஓ.ங்கற வருவாய்க் கோட்டாட்சியர்தான் குடுக்கணும், விசாரணை, அப்பா வழி ஆவணம்னு இழுக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒரு நாள் கூலியை விட்டுட்டு வர்ற அப்பாவை நாலு தடவை அலைய விட்டா அவர் "டிகிரியெல்லாம் எதுக்கும்மா"ன்னுதான் கேப்பாரு. தமிழ்நாட்டுல எஸ்.டி. ஒதுக்கீடு 1 சதவீதம். 60 சீட்டுக்கு கணக்குப் போட்டா ஒரு முழு சீட்டு கூட வரலை. கிடைக்கற அந்தக் கொஞ்சத்தையும் ஒரு சான்றிதழ் வரலைன்னு விடறது எவ்வளவு பெரிய அநியாயம், சொல்லுங்க.

ஒரிஜினல் விஷயத்துக்கு வர்றேன். வேலைக்குச் சேரும்போது ஒரிஜினலைக் காட்டுங்க, சரி பாக்கட்டும், கையோட திருப்பி வாங்கிக்கங்க, அட்டெஸ்ட் பண்ண ஜெராக்ஸ் போதும். காலேஜ்கள் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வச்ச வழக்குகள்ல சென்னை உயர்நீதிமன்றம் அது அடமானம் வைக்கற பொருள் இல்லைன்னு தெளிவா சொல்லியிருக்கு. ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா பயப்படாம எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா நாளைக்கு வாங்கன்னே சொல்லிட்டிருப்பாங்க. ஸ்பீடு போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு ஆதாரத்தோட அனுப்புங்க. அப்பவும் குடுக்கலைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, இங்க அஸ்தம்பட்டி கோர்ட்ல போய் கேட்டா வழி சொல்லுவாங்க. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, இது நெறைய நர்ஸுங்களுக்குத் தெரியவே தெரியாது.

அன்னைக்கு அந்தப் பொண்ணு ஜெராக்ஸை ஸ்கேன் பண்ணி அப்ளிகேஷன் போட்டுட்டா, பேரும் வந்துச்சு. ஆனா மூணு மாச சம்பளம் கட்டிட்டு வாங்கிக்கோன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க, சீட்டு போயிடுச்சு. ரெண்டு நாள் ஃபோனே எடுக்கலை. மூணாவது நாள் நானே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிட்டுப் போய் மனு எழுத வச்சேன். அங்கிருந்து லெட்டர் போன கொஞ்ச நாள்லயே கூப்பிட்டு எல்லா ஒரிஜினலையும் குடுத்துட்டாங்க, ஒரு பைசா வாங்கலை.

இப்ப அந்த பிளாஸ்டிக் ஃபைல்ல ஜெராக்ஸ் ஒரு பக்கம், ஒரிஜினல் ஒரு பக்கம் இருக்கு. பேரு எல்லாத்துலயும் ஒரே மாதிரி மாத்தியாச்சு. டிப்ளமோ மேனேஜ்மென்ட் சீட்ல படிச்சதால சாதிச் சான்றிதழ் எடுக்காமலே விட்டிருந்தாங்க, அது ஒன்னுதான் பாக்கி. திங்கக்கிழமை அவங்க அப்பா மலையிலேர்ந்து முதல் பஸ்ல வர்றாரு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் கூடப் போறேன்.