ஆயில் மாற்றியதால் கியர்பாக்ஸ் சாகவில்லை

ஆயில் மாற்றிய பிறகு கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று இந்த மாதத்தில் வந்த மூன்றாவது வண்டி இது. 2003 ஷெவர்லே சில்வராடோ, டோ ட்ரக்கில் வந்து இறங்கியது. காலையில் ரிவர்ஸ் போட்டால் நாலைந்து விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது. பிரேக் அடித்தால் ஒரு கணம் நியூட்ரலில் விழுந்த மாதிரி இன்ஜின் மட்டும் உறுமுகிறது. பத்து நாள் முன்புதான் ட்ரான்ஸ்மிஷன் ஆயிலும் பில்டரும் மாற்றியிருக்கிறார்கள். "பழைய வண்டியில் கை வைக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை" என்று உரிமையாளர் நொந்துபோய் நிற்கிறார்.

ட்ரான்ஸ்மிஷனுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே இருந்தது. புது பில்டர் பம்பிலிருந்து பாதி நழுவி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பம்பின் துளைக்குள் பழைய சீல், அதாவது காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பில்டரின் கழுத்தில் புது சீல் மாட்டியிருக்கிறது. ஒரு சீல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை நுழைக்கப் பார்த்திருக்கிறார்கள். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பழி மட்டும் புது ஆயிலின் மேல்.

1999 முதல் 2006 வரை வந்த சில்வராடோ 1500, அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி சியர்ரா 1500 இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன், அதாவது கியர்பாக்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெயின்ட், டைல்ஸ், புல்வெட்டு வேலை பார்ப்பவர்கள் முதலில் வாங்கும் செகண்ட் ஹேண்ட் வண்டி பல நேரம் இதுவாகத்தான் இருக்கும். நன்றாக உழைக்கும் வண்டி. ஆனால் இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட ட்ரான்ஸ்மிஷன் ஆயிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால் பயம் என்கிறார்கள்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். "கிளட்ச் தேய்ந்து விழுந்த துகள்கள் பழைய ஆயிலில் மிதக்கின்றன, அந்தத் துகள்தான் கிளட்சை வழுக்காமல் பிடித்து வைத்திருக்கிறது, புது ஆயில் ஊற்றினால் பிடிப்பு போய்விடும்" என்பதுதான் எல்லாரும் ஒப்பிக்கும் கதை. கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம், அதில் மிதக்கும் குப்பை அல்ல. அழுத்தம் சரியாக இருந்து, தட்டில் உராய்வுப் பூச்சும் மிச்சம் இருந்தால் புது ஆயிலில் அது நன்றாகவே பிடிக்கும். பூச்சே தீர்ந்துபோயிருந்தால் எந்த ஆயிலிலும் வழுக்கும். அந்தத் துகள்கள் உண்மையில் செய்கிற வேலை வேறு. ஆயிலை எந்த கிளட்சுக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் வால்வ் பாடி அலுமினியம். அதன் துளைகளுக்குள் வால்வுகள் ஓயாமல் முன்னும் பின்னும் போய்வருகின்றன. குப்பை ஆயில் அங்கே உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சாலினாய்டின் சின்ன வடிகட்டியிலும் போய்ப் படியும்.

அப்படியானால் ஆயில் மாற்றிய சில நாளில் நின்றுபோன வண்டிகள் பொய்யா? பொய்யில்லை. எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது ஆர்பிஎம் எகிற ஆரம்பித்த பிறகு, வழுக்கல் தெரிந்த பிறகு, "ஒரு ஆயிலாவது மாற்றிப் பார்ப்போம்" என்று மாற்றியிருப்பார்கள். இந்தப் பெட்டியில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கான 3-4 கிளட்ச்தான் முதலில் கருகுவது. அது ஏற்கெனவே கருகி முடிந்திருக்கும். மறுவாரம் மூன்றாவதும் நான்காவதும் இல்லாமல் வண்டி நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பல ஆண்டு மாற்றாமல் விட்டது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, போன வாரம் மாற்றியது மட்டும் தெரிகிறது. மிச்சம் உள்ளவை இந்தச் சில்வராடோ மாதிரி, மாற்றத் தெரியாமல் மாற்றிய வேலை.

ஆகவே முதலில் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ட்ரான்ஸ்மிஷன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விடுங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பானதே ஒரு குற்றம் இல்லை, வயதானால் நிறம் மாறும். நடுவில் கறுப்புப் பொட்டு நின்று, தாளிப்பு கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. தயவுசெய்து அந்த வண்டியை அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கிளட்ச் பூச்சின் பசையை கூலன்ட் ஊற வைத்து உரித்துவிடும்.

இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே சமயத்தில் காணாமல் போனால் உள்ளே சன் ஷெல் என்ற, கியரைச் சுழற்றும் உலோகக் கூடு உடைந்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனரில் பி1870 என்ற பழுதுக் குறியீடு வந்தால், இன்ஜினின் சுழற்சியை ட்ரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்சுக்கான வால்வின் துளை, வால்வ் பாடியில் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். இவை எதுவும் ஆயிலால் தீராது. இதற்கு ஆயில் மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவரை நம்பாதீர்கள். கியர் ஒழுங்காக விழுகிறது, வாடை இல்லை, ஆனால் இரண்டரை லட்சம் கிலோமீட்டராக யாரும் மாற்றவில்லை என்றால்? தாராளமாக மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும்.

வாங்க வேண்டியது டெக்ஸ்ரான்-6 என்ற ட்ரான்ஸ்மிஷன் ஆயில். டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ டெக்ஸ்ரான்-3 என்று போட்டிருக்கும், குழம்ப வேண்டாம். 3-க்கான உரிமத்தை, இந்த வண்டிகளைத் தயாரிக்கும் ஜிஎம் நிறுவனம் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. 6 அதற்கு மாற்றாக வந்தது, பழையதோடு கலக்கவும் செய்யலாம். இன்றைக்கு டெக்ஸ்ரான்-3 என்று மலிவாக விற்கும் டப்பாவுக்கு ஜிஎம்மின் உரிமம் எதுவும் கிடையாது. ஃபோர்டுக்கு வாங்கி மிச்சமானதை இதில் ஊற்றித் தீர்க்கவும் வேண்டாம். பேனை மட்டும் இறக்கினால் சுமார் 4.7 லிட்டர் பிடிக்கும், அதாவது 946 மில்லி பாட்டில் ஐந்து. ஆறாக வாங்கிக்கொள்ளுங்கள். பில்டர் வாங்கும்போது கவனம்: இந்த ட்ரான்ஸ்மிஷனுக்கு ஆழமான பேன், ஆழமில்லாத பேன் என்று இரண்டு உண்டு, பில்டரும் வேறு வேறு. ஆழமான பேனில் குட்டை பில்டரைப் போட்டால் உறிஞ்சும் வாய் உயரத்தில் நிற்கும். பிரேக் அடித்து ஆயில் முன்பக்கம் அலையும்போது காற்றைக் குடிக்கும். பழையதைக் கழற்றியதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு ஜாக் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். செங்கல், சிமெண்ட் பிளாக் எல்லாம் வேண்டவே வேண்டாம், எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். சக்கரம் தரையில் இருக்கும்வரை முட்டுக்கட்டை இருக்கட்டும். பார்க் போட்டிருக்கிறேனே என்று நினைக்காதீர்கள். நாலு சக்கர டிரைவ் வண்டியில், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பார்க் எதையும் பிடிக்காது. அதோடு, பேனைக் கழற்ற இடைஞ்சலாக இருக்கும் கியர் கேபிள் பிராக்கெட்டை எடுக்கும்போது கியர் நெம்புகோல் நகர்ந்து பார்க்கிலிருந்தே வெளியே வரலாம். அந்த நேரத்தில் நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பீர்கள்.

ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். ஓட்டி நிறுத்திய உடனே திறந்தால் கை வெந்துவிடும். பேனில் 16 போல்ட், 10 மி.மீ. சாக்கெட். வடிகால் போல்ட் இல்லாத பேன் என்றால் பின்பக்கப் போல்ட்களை முழுதாக எடுத்து, முன்பக்கத்தை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். பேன் பின்னால் சாய்ந்து அந்த ஓரமாக ஊற்றும், அகலமான தட்டு வையுங்கள். சில வண்டிகளில் சைலன்சர் பைப் குறுக்கே போகும், பேனைக் கொஞ்சம் திருப்பித் திருப்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இழுத்து வளைத்துவிடாதீர்கள்.

பேனுக்குள் வட்டமான காந்தம் ஒன்று இருக்கும். அதில் மை போலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. விரலில் தேய்த்தால் நெருடும் இரும்புச் சிம்பு, பித்தளைப் பொடி, கறுப்புத் தகடு போன்ற துணுக்குகள் இருந்தால்தான் கவலை. துடைத்த காந்தத்தை அதே இடத்தில் திரும்ப வையுங்கள். துடைக்க நூல் உதிராத துணிதான் வேண்டும்.

இப்போது சீல். இந்த பில்டரைப் பிடித்து வைக்க ஒரு போல்ட்கூடக் கிடையாது, சீலின் இறுக்கம் ஒன்றுதான். பழைய பில்டரை இழுத்தால் சீல் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும், துளையோடு ஒட்டிப்போய்த் துளையின் விளிம்பு மாதிரியே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் விட்டுத் தடவுங்கள். ரப்பர் உதடு தட்டுப்பட்டால் அது பழைய சீல்தான். அதன் உலோக வளையத்தை மெல்லிய ஸ்குரூ டிரைவரால் ஒரு பக்கம் உள்நோக்கி மடக்கினால் சுருங்கி வந்துவிடும். துளையின் சுவரில் கீறல் விழக்கூடாது, விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவும் காற்று போகும். புது சீலுக்கு ஆயில் தடவி, பொருத்தமான அளவு சாக்கெட்டை வைத்து மெதுவாகத் தட்டி நேராக உட்கார வையுங்கள். பிறகு பில்டரின் கழுத்தைக் கையால் அழுத்தி முழுவதும் ஏற்றுங்கள். லேசாக இழுத்தால் அசையக்கூடாது. மொத்தம் பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் மேலே சொன்ன சில்வராடோவை டோ ட்ரக்கில் ஏற்றினார்கள்.

ஜிஎம் போட்ட இரும்பு நடுவுள்ள ரப்பர் கேஸ்கெட் கிழியாமல் இருந்தால் அதையே திரும்பப் போடலாம், டப்பாவில் வரும் கார்க்கை விட அது மேல். சிலிக்கான் பூச வேண்டாம்! உள்ளே பிதுங்கும் துணுக்கு நேராக பில்டருக்குப் போகும். 16 போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு எதிரெதிராக 11 நியூட்டன் மீட்டர். அது மிகக் குறைந்த இறுக்கம். "இன்னும் ஒரு பிடி" என்று முறுக்கினால் அலுமினியத்தில் மரை கழன்றுவிடும், கேஸ்கெட்டும் பிதுங்கி ஒழுகும்.

வடிந்த ஆயிலை அளந்து பாருங்கள், எவ்வளவு வந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் போகும். டிப்ஸ்டிக் குழாயில் நீண்ட புனல் வைத்து முதலில் நான்கு லிட்டர் ஊற்றி இன்ஜினை ஓடவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் மூன்று விநாடி நிறுத்தி பார்க்குக்கு வாருங்கள். இன்ஜின் ஓடும்போதே அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கடைசி அளவு, வண்டியை நன்றாக ஓட்டி ஆயில் 82 முதல் 93 டிகிரி செல்சியஸுக்கு வந்த பிறகுதான். டிப்ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் பார்த்து, குறைவாகக் காட்டும் பக்கத்தைக் கணக்கில் எடுங்கள். ஒரு லிட்டர் கூட ஊற்றினால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு: கூடுதல் ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் தர முடியாது. காற்றுத் துளை வழியே பொங்கி, சூடான சைலன்சர் மேல் சொட்டும்.

இந்த ட்ரான்ஸ்மிஷன் முழுக்க சுமார் 10.6 லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நிற்கும். ஆகவே ஒரு தடவையில் 44 சதவீதம்தான் புதிதாகிறது. இரண்டாவது முறை செய்தால் 69, மூன்றாவதில் 83. பல காலம் தொடாத வண்டிக்கு இப்படித் தவணையாக, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மாற்றுவதுதான் என் தேர்வு. பில்டர் முதல் தடவை மட்டும் போதும். பில்டரைத் தொடாமல் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்து அனுப்பும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயில் வாசலில் பழைய அடைப்பு அப்படியே இருக்கும்போது உள்ளே கழுவி என்ன பயன்?

ட்ரெய்லர் இழுப்பவர்கள், குளிர்காலத்தில் பனி தள்ளும் பிளேடு மாட்டி நாள் முழுக்க முன்னும் பின்னும் கியர் மாற்றுகிறவர்கள் 50,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பனி தள்ளும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றினாலும் தப்பில்லை. வெளியே மைனஸ் 20 என்றாலும் பெட்டிக்குள் கொதிக்கும். தனி ஆயில் கூலர் ஒன்று மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

சிவப்பு ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் ஊற்றிவிடாதீர்கள். டேஷ்போர்டில் ஆட்டோ 4 சக்கர பட்டன் உள்ள வண்டிகளில் அதற்கு ஆட்டோ-ட்ராக் 2 என்ற நீல ஆயில்தான். ஒரு வாரம் கழித்து பேனின் ஓரத்தில் விரல் ஓட்டி ஈரம் பாருங்கள், அளவையும் இன்னொரு முறை பாருங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு டேப்பில் எழுதி டிப்ஸ்டிக் குழாயில் ஒட்டுங்கள். வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து உதிரிபாகக் கடையில் கேளுங்கள், பல கடைகள் காசு வாங்காமலே எடுத்துக்கொள்கின்றன.