ஐந்து வாட்டும் ஓர் ஏரிக்கரையும்

"அண்ணா, எத்தனை வாட் ரேடியோ வாங்கட்டும்?"

பொழுதுபோக்காக வானொலியில் ஊர் ஊராகப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கான தேர்வில் தேறி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்த வாரமே அல்சூர்த் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி இது. பெங்களூரில் புதிதாக உரிமம் வாங்குகிறவர்களில் பாதிப் பேராவது என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, 7.1 மெகாஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். யாரும் பேசாத இடத்தில் எட்டாம் கோட்டில் நின்றிருந்த சமிக்ஞை மீட்டரின் முள் ஆறுக்கு இறங்கியது.

அந்த இரண்டு கோடும் எங்கள் வீட்டு எல்.இ.டி. பல்புகளும் போன் சார்ஜர்களும் எழுப்பிய இரைச்சல். இவற்றுக்குள் இருக்கும் சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன மின்பொறி மாதிரி; அதன் மடங்கு அலைகள் மெகாஹெர்ட்ஸ் வரை பரவுகின்றன. மிச்சமிருந்த ஆறு கோடு பெரும்பாலும் அடுக்ககத்தின் மற்ற வீடுகளுடையது. அது நம் கைக்குள் இல்லை.

இப்போது கணக்குப் போடலாம். மீட்டரில் ஒரு கோடு என்றால் 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு ஆற்றல். 5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குத் தாவினால் 20 மடங்கு, 13 டெசிபெல். எதிர்முனையில் முள் இரண்டு கோடுக்குச் சற்றுக் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு சிக்கபள்ளாப்பூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் அதே ரேடியோவை வைத்தபோது முள் இரண்டில் நின்றது. எட்டிலிருந்து இரண்டுக்கு ஆறு கோடு, 36 டெசிபெல், சுமார் 4,000 மடங்கு! வீட்டில் இரைச்சலுக்குள் புதைந்துகிடந்த குரல்கள் அங்கே பக்கத்துத் திண்ணையில் பேசுவதுபோலக் கேட்டன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் பக்கம் அமைதியானால் நமக்குத்தான் நன்றாகக் கேட்கும். எதிர்முனைக்காரரைப் பொறுத்தவரை நம் 5 வாட் 5 வாட்தான். அதை அவர் காதுவரை கொண்டுசேர்ப்பவை பேண்டும் (எந்த அதிர்வெண் பகுதி), மோடும் (செய்தியை அலையில் ஏற்றும் முறை), ஆன்டெனாவும்.

பேண்டை முதலில் பார்ப்போம். நமக்கு மேலே சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு. 200 கிலோமீட்டருக்கு மேல் எஃப் அடுக்கு. சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உரித்தெடுப்பதால் உருவாகும் அடுக்குகள் இவை. எஃப் அடுக்கு அலையை வளைத்துக் கீழே திருப்பி அனுப்புகிறது. டி அடுக்கு அலையைத் தின்கிறது. அதிர்வெண் குறையக் குறைய அதன் பசி கூடும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்துவிடும்.

அலைநீளத்தை வைத்து 40 மீட்டர் பேண்ட் என்று அழைக்கப்படும் 7 மெகாஹெர்ட்ஸின் குணம் இதிலிருந்தே வருகிறது. காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்பினால், எஃப் அடுக்கில் பட்டு நம்மைச் சுற்றிச் சில நூறு கிலோமீட்டருக்கு மழைபோல் இறங்கும். சென்னை, சேலம், மதுரை எல்லாம் அந்த வட்டத்துக்குள். நடுவில் எத்தனை மலை நின்றாலும் கவலையில்லை, அலை மேலிருந்தல்லவா வருகிறது! நண்பகலில் டி அடுக்கு வலுத்துக் குரல்கள் மங்கும். இரவில் எஃப் அடுக்கு மெலிந்துவிட, செங்குத்தாகப் போகும் அலை அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சாய்வாகப் போவது மட்டும் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். 14 மெகாஹெர்ட்ஸில் பகலிலேயே இப்படி நடக்கும். ஐரோப்பா கேட்கும், சென்னை கேட்காது.

கையில் பிடிக்கும் 144 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கு இந்த வித்தையெல்லாம் கிடையாது. அது பெரும்பாலும் பார்வைக்கோட்டில்தான் போகும். அல்சூர்த் தெருவில் சில கிலோமீட்டரில் தேயும் அதே அலை, சமவெளியைவிட 500 மீட்டர் உயர்ந்த குன்றிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல் எட்டும்.

அடுத்தது மோட். பழைய ஏ.எம். முறையில் முழு அளவில் பண்பேற்றினாலும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் சுமப்பலைக்கே போகிறது. அதில் குரல் இல்லை. மீதி, ஒரே குரலின் இரண்டு நகல்களாக இருபுறமும் பிரிகிறது. எஸ்.எஸ்.பி. மோட் சுமப்பலையையும் ஒரு நகலையும் நீக்கிவிட்டு, இருப்பதையெல்லாம் மற்ற நகலில் போடுகிறது. அகலம் சுமார் 2,400 ஹெர்ட்ஸ். ஜன்னலை அகலத் திறந்தால் தெருச் சத்தம் கூடுதலாக உள்ளே வருவதுபோல, அகலமான வடிகட்டி வழியாக இரைச்சலும் கூடுதலாக வரும். புள்ளியும் கோடுமாகப் போகும் மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் திறந்தால் போதும். இரைச்சல் ஏறக்குறைய 7 டெசிபெல் குறையும்.

2017இல் வந்த எஃப்.டி.8 என்னும் கணினிவழி மோட் இதை இன்னும் ஒடுக்கிவிட்டது. உருவாக்கியவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும். இரட்டைப் பல்சார் (இணை விண்மீனோடு சுற்றும், வானொலியில் துடிக்கும் விண்மீன்) கண்டுபிடிப்புக்காக 1993இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்தான் இந்த டெய்லர். மெல்லிய வானொலித் துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பொறுமையை இந்த மோடிலும் காண்கிறேன். 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், எட்டு தொனிகளில், 15 நொடிக்கு ஒரு முறை 77 பிட் மட்டும் போகும்: அழைப்புக்குறி, இடக்குறி (உலக வரைபடத்தில் நாம் இருக்கும் கட்டத்தின் பெயர்), சமிக்ஞை அளவு. காது எதுவுமில்லை என்று சொல்லும் இடத்திலும் கணினி படித்துவிடும். கடிகாரம் மட்டும் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். பெங்களூரின் இடக்குறி எம்.கே.82. ஏரிக்கரை 13ஆம் அட்சக்கோட்டைத் தாண்டி இருந்ததால் அங்கே எம்.கே.83. தம்பிக்கு இதில் தனி மகிழ்ச்சி!

ஏரிக்கரைக்குப் பையில் என்ன கொண்டுபோனோம்? 5 வாட் ரேடியோ, 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, மடக்குக் கம்பம், ஒயர். கேட்கும்போது அரை ஆம்பியருக்குள், பேசும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும் செட்; நேரத்தில் கால்வாசி பேசினால் ஆறேழு மணி நேரம் ஓடும். ரேடியோவை நீங்களே கட்டவும் முடியும். ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த, வீட்டிலேயே கட்டும் முதல் பிட்எக்ஸ் ரேடியோவில் சுருள்களைத் தண்ணீர்க் குழாய் வாஷர்களில் சுற்றினார்கள். கிடைக்கும் பொருளில் கட்டும் அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒயர். அரையலை ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமென்றால், 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1க்கு 20 மீட்டர் வரும், நடுவிலிருந்து பக்கத்துக்குப் பத்து. அதை ஆறு மீட்டர் கம்பத்தில் கூரைபோல் இருபுறமும் சரித்துக் கட்டினோம். தாழ்வாக இருப்பதால் அலை பெரும்பாலும் மேல்நோக்கியே போகும். தமிழ்நாட்டைப் பிடிக்க வேண்டியதும் அதுதான்.

ஒன்பது மணிக்கு முன்பே திண்டுக்கல்லிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. "ஐந்து வாட்டா? நம்பவே முடியலையே தம்பி, மறுபடி சொல்லுங்க" என்று கேட்டு, சமிக்ஞை அளவு ஏழு என்றார். தம்பி மைக்கைக் கீழே வைக்க மனமில்லாமல் என்னிடம் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை பெங்களூரின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போனவன் ரேடியோ எதையும் வாங்கவில்லை. 20 மீட்டர் ஒயர் வாங்கிவந்தான்.