அக்சஸிபிலிட்டி: அணுகலா, அணுக்கமா?

நகரத் திட்ட அறிக்கைகளில் ‘மொபிலிட்டி’யும் ‘அக்சஸிபிலிட்டி’யும் சேர்ந்தே வரும். இரண்டையும் ‘போக்குவரத்து வசதி’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

முன்னதன் வேர் ‘நகர்’ எனப் பொருள்படும் லத்தீன் வினை. பின்னது ‘நோக்கி’, ‘செல்’ என்ற இரு லத்தீன் கூறுகளால் ஆனது. நெருங்கிச் சேர்வது அதன் பொருள். வேகமாக நகர்பவர் விரைவில் போய்ச் சேர்வார் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2 கி.மீ. தொலைவிலிருந்த மருத்துவமனைக்கு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 6 நிமிடம். அகலச் சாலை வந்து வேகம் 40 ஆனது, மருத்துவமனையோ 8 கி.மீ. தள்ளிப் போனது என்றால் 12 நிமிடம். வேகம் இரட்டித்தும் நேரம் இரட்டித்தது! முன்பு நடந்தே போனவர் இப்போது கார் வாங்க வேண்டும். அமெரிக்கத் திட்டவியலாளர் வால்டர் ஹான்சன் 1959-இல் ‘அக்சஸிபிலிட்டி’யைத் திட்டவியல் அளவுகோலாக்கியபோது, வேகத்தை அல்ல, வேலை, கடை போன்ற எட்டக்கூடிய வாய்ப்புகளையே எண்ணினார்.

எண்ணும் முறை எளிது. வீட்டிலிருந்து 30 நிமிடத்தில் எவ்வளவு தூரம் எட்டலாம் என்று பார்ப்போம். நிறுத்தத்துக்கு 400 மீட்டர் நடை, 5 நிமிடம். 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு 6. இறங்கியபின் நடை 5. மீதி 14 நிமிடத்தில், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், 3.5 கி.மீ. போகலாம். பேருந்தை 6 நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் 4.25 கி.மீ. எல்லாத் திசையிலும் வழித்தடம் இருந்தால் எட்டும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சாலையை ஓரடிகூட அகலப்படுத்தவில்லை.

பிழை நேர்வது இரண்டு இடங்களில். வரைபடத்தில் நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டருக்கு வட்டம் போடுவார்கள். நடுவே தண்டவாளம் கிடந்தால் அது ஒரு கிலோமீட்டர் சுற்று. இரண்டு பேருந்துகள் ஒட்டிக்கொண்டு வந்தால், அட்டவணையில் 12 நிமிட இடைவெளி இருந்தும் உண்மை இடைவெளி 24 நிமிடம், சராசரிக் காத்திருப்பு 6 அல்ல, 12.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அணுகுதிறன்’ பொருந்தாது, குறை பயணியிடம் இருப்பதுபோல் தொனிக்கிறது. ‘அணுகல்தன்மை’ சாய்தளம், திரைவாசிப்பான் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகளோடு பழகிவிட்டது. அதை அங்கேயே விடலாம். திட்டவியலுக்கு ‘அணுக்கம்’ போதும். அண்மை, அண்டை, அணுகு என்ற குடும்பத்துச் சொல். நெருக்கம் என்ற பொருளில் முன்பே வழங்குவது. ‘மொபிலிட்டி’க்கு ‘நகர்வு’. ‘போக்குவரத்து’ இரண்டுக்குமே பெயரல்ல, போவதும் வருவதும் மட்டுமே அது.